திரட்டும் திரட்டியும்

தமிழில் ‘திரட்டு’ என்னும் சொல் பழமையானது. பல நூல்களில் சிதறிக் கிடக்கும் நல்லனவற்றை ஓரிடத்தில் ஒன்றுகூட்டி வைப்பது திரட்டு எனப்பட்டது. வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், நாள்தோறும் வெளிவரும் புதிய பதிவுகளைத் தாமாகவே கண்டறிந்து ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திக் காட்டும் தளங்கள் தோன்றின. அவற்றிற்குத் தமிழ்ப் பதிவர்கள் இட்ட பெயர் ‘திரட்டி’. 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்மணம் அவற்றுள் முன்னோடி எனலாம். பெயரிட்டோர் எண்ணியிருப்பினும் எண்ணாதிருப்பினும் அப்பெயர் ஒரு மரபுரிமையைக் கோருகின்றது. மரபின் பெயரை ஏற்ற ஒன்றினை மரபின் அளவுகோலாலேயே அளந்து பார்ப்பது முறையாகும்.

திரட்டிகள் செய்த நன்மையை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சிங்கப்பூரில் ஒருவர் இரவில் எழுதிய கட்டுரையை மறுநாட் காலையில் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் உள்ளோர் படிக்க வழி செய்தவை அவை. இதழாசிரியரின் தயவை நாடாமல் எழுதப் புகுந்தோர்க்கு வாசகரைத் தேடிக் கொடுத்தவையும் அவையே. தலைப்பு, எழுதியவர் பெயர், தொடக்க வரிகள் சில, மூலத்திற்குச் செல்லும் இணைப்பு ஆகிய நான்கும் அமைந்தவிடத்து அவற்றைக் குறை கூறுவார் இலர். சிக்கல் எழுவது அந்நான்கனுள் மூன்றாவதாகிய ‘வரிகள் சில’ என்பதில்தான். எத்தனை வரிகள்? எந்த வரிகள்? யார் தெரிந்தெடுத்தவை? இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், இத்தொழிலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர்களை நோக்குதல் நலம்.

தொகுத்தோர் மரபு

எட்டுத்தொகை நூல்கள் தமிழின் மிகப் பழைய தொகுப்புகள். அவற்றுட் பலவற்றிற்குத் தொகுத்தவர் பெயரும் தொகுப்பித்தவர் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. இவர்கள் பாடல்களைத் தொகுத்ததோடு அமையாது, பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் யார் என்பதையும் காத்துத் தந்தனர். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றொரு புலவரும் அணிலாடு முன்றிலார் என்றொரு புலவரும் காணப்படுகின்றனர். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. பாடியவர் இயற்பெயர் அறியப்படாது போனபோது, அப்பாடலில் ஒளிரும் தொடரையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினர். பெயர் தெரியவில்லை என்பதைக் காரணமாகக் காட்டிப் பாடலைப் பெயரின்றி விடுவதற்கு அவர்கள் உள்ளம் ஒருப்படவில்லை. தொகுப்போனின் பண்பாட்டிற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் புறத்திரட்டு, இன்றைய திரட்டிக்கு இன்னும் நெருங்கிய உறவினது. திருக்குறளின் பகுப்பைத் தழுவிப் பல நூல்களிலிருந்து ஏறத்தாழ 1,570 பாடல்களை அது எடுத்துத் தருகின்றது. எடுத்த பாடல் எந்நூலைச் சார்ந்தது என்பதையும் அது குறிக்கின்றது. அக்குறிப்பின் பயன் பின்னரே விளங்கிற்று. முத்தொள்ளாயிரம் முழு நூலாகக் கிடைக்கவில்லை; இன்று பயிலப்படும் 108 பாடல்கள் புறத்திரட்டு காத்தவை. குண்டலகேசியின் 19 பாடல்களும், வளையாபதியின் எஞ்சிய பாடல்களுட் பெரும்பாலானவும் அவ்வாறே கிடைத்தவை. நூல்கள் அழிந்தன, எடுத்தாளப்பட்ட பகுதிகள் பிழைத்தன, அவற்றுடன் நூற்பெயரும் பிழைத்தமையால் ஐம்பெருங் காப்பியங்களுள் இரண்டின் குரல் ஓரளவேனும் செவியில் விழுகின்றது. இத்துணைப் பெருந்தொண்டு ஆற்றிய தொகுப்பாசிரியரின் பெயரோ இன்றுவரை தெரியவில்லை. பிறர் நூலின் பெயரைக் காத்தவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. தளத்தின் பெயரைப் பேரெழுத்திலும் எழுதியவர் பெயரைக் கண்ணுக்குத் தெரியாச் சிற்றெழுத்திலும் இடும் திரட்டிகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயரற்ற மேற்கோளின் துன்பம்

மரபு முழுவதும் இவ்வாறே இருந்தது எனக் கூறுவதும் பொருந்தாது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பல இடங்களில் நூற்பெயர் கூறாமலே சென்றனர். கற்றோர் அவையில் அடி சொன்ன அளவிலேயே நூல் நினைவிற்கு வந்த காலம் அது. ஆகவே அது குறையாகத் தோன்றவில்லை. காலம் மாறியபோது அதுவே பெருந்துன்பமாயிற்று. 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்களின் மூலம் தேடி உழன்றதைத் தம் வரலாற்றில் விரித்துரைக்கின்றார். பிறரும் கூறினர் என்ற அளவில் உரையாசிரியர் நின்றுவிட, அந்தப் பிறர் யாவர் என அறிவதற்குச் சுவடி சுவடியாகத் தேட வேண்டியதாயிற்று. சங்க நூல்களின் ஏடுகளைப் படித்த பின்னரே அவ்வடிகள் பலவற்றின் பிறப்பிடம் புலனாயிற்று.

ஐயர் தேடிக் கண்டார். ஆயினும் ஐயர் ஒருவரே. பெயரின்றி எடுக்கப்பட்ட ஒவ்வோர் அடிக்கும் ஒரு சாமிநாதையர் பிறப்பார் என எதிர்பார்த்தல் இயலாது. இன்று ஒரு கட்டுரை முதலில் ஒரு திரட்டியிலும், அதிலிருந்து மற்றொன்றிலும், பின்னர்ப் பெயர் நீங்கிய பகுதியாகக் கைப்பேசிச் செய்திகளிலும் உலவும்போது, நான்காம் கையில் அதனைப் பெறும் மாணவன் அதன் பிறப்பிடத்தை எங்ஙனம் அறிவான்? முற்கால உரையாசிரியர்க்கு அவையோர் அறிவர் என்னும் நம்பிக்கையேனும் இருந்தது. பொறிக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

பொறி வெட்டும் இடம்

பெயர் குறித்துவிட்டால் குறை முற்றும் நீங்கிவிடுமா? நீங்காது. எடுத்த பகுதி ஆசிரியரின் கருத்தைத் திரியாது காட்டுகின்றதா என்பது அடுத்த வினா. இவ்விடத்தில்தான் தமிழ் கற்பிப்போர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது.

திரட்டி பெரும்பாலும் பொருளை நோக்கிப் பகுதி எடுப்பதில்லை; அளவை நோக்கி எடுக்கின்றது. முதல் இத்தனை சொல், அல்லது முதல் இத்தனை எழுத்து என வெட்டி, மூன்று புள்ளியிட்டு நிறுத்துகின்றது. தமிழ்த் தொடரின் அமைப்போ பயனிலையை இறுதியில் வைப்பது. எச்சங்கள் அடுக்கி வர, முற்று கடைசியில் வந்து பொருளை முடிவு செய்யும். எதிர்மறையும் பெரும்பாலும் அந்த இறுதியிலேயே நிற்கும். சான்றாக, ‘புதுக்கவிதையைப் பாடத்திட்டத்திற் சேர்ப்பது மாணவரின் யாப்பறிவைக் கெடுக்கும் என்பது ஏற்கத்தக்கதன்று’ என ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். ‘கெடுக்கும்’ என்ற இடத்தில் பொறி வெட்டினால், அவர் மறுத்த கருத்தே அவர் கருத்தாக வெளிவரும். பொறி ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒன்றையும் இடைச்செருகவில்லை. ஆயினும் எழுதியவர் பொருள் தலைகீழாயிற்று.

கட்டுரையின் அமைப்பிலும் இதே இடர் உண்டு. பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னர் அதனை மறுத்துத் தன் கொள்கையை நிறுவுதல் தமிழ் உரைநெறியில் நன்கு பயின்ற முறை. தொடக்க வரிகளையே எடுக்கும் பொறி, இத்தகைய கட்டுரையில் ஆசிரியர் மறுக்கப்போகும் கொள்கையை அவர் பெயரின் கீழ் அச்சிட்டு நிறுத்தும். படிப்போருட் பலர் இணைப்பைத் தொட்டு மூலத்திற்குச் செல்வதில்லை. பகுதியைப் படித்த அளவிலேயே சினங்கொண்டு மறுப்பு எழுதப் புகுவாரும் உளர். எழுதாத கருத்திற்கு விடையிறுக்க வேண்டிய நிலை எழுதியவருக்கு நேர்கின்றது.

எழுத்தளவிலும் வெட்டு நேர்வதுண்டு. ‘கோ’ என்பது தமிழர்க்கு ஓரெழுத்து. கணிப்பொறியின் குறியீட்டு முறையிலோ ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் அவ்வாறே தனிக் குறியீடு. குறியீடுகளை எண்ணி வெட்டும் பொறியிடம் ‘கோ’ என்பது ‘க’ என நிற்கலாம். ‘நாள்’ என்பது புள்ளியிழந்து ‘நாள’ எனத் திரியலாம். எழுத்து எது என்பதைத் தமிழிலக்கணம் வகுத்தவாறு அறியாமல் அமைக்கப்பட்ட பொறிக்கு, எழுத்தெண்ணிப் படித்தல் என்னும் பெருமை வாய்க்காது.

சட்டமும் சால்பும்

இவ்வழக்குகள் நீதிமன்றமும் ஏறியுள்ளன. டென்மார்க்கில் இன்ஃபோபாக் என்னும் நிறுவனம் செய்தித்தாள்களைப் பொறியால் வருடி, தேடப்படும் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து சொற்களாக மொத்தம் 11 சொற்களை எடுத்துத் தன் வாடிக்கையாளருக்கு அளித்து வந்தது. 2009 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம், ஆசிரியரின் சொந்த அறிவாக்கம் அதில் வெளிப்படுமாயின் 11 சொற்களும் காப்புரிமைக்கு உட்படக்கூடும் என்றது. 2019 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டளையோ, செய்தியிதழ்களுக்குப் புதிய உரிமை வழங்கியபோது தனிச் சொற்களுக்கும் மிகக் குறுகிய பகுதிகளுக்கும் விலக்களித்தது. எத்தனை சொல் மிகக் குறுகியது என எண் கூறவில்லை. எண்ணால் வரையறுக்க இயலாத ஒன்றைச் சட்டமும் எண்ணால் வரையறுக்கவில்லை என்பது கருதத்தக்கது.

நம் நாடுகளின் நிலையும் அறியத்தக்கதே. மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொருளுரிமையோடு ஆசிரியரின் ஒழுக்கவுரிமையையும் ஏற்று, அவர் மதிப்பிற்கு ஊறு நேருமாறு படைப்பைச் சிதைப்பதற்குத் தடை விதிக்கின்றது. சிங்கப்பூரின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவர் இன்னார் எனக் குறிக்க வேண்டும் என்பதைச் சில விலக்குகளுடன் உரிமையாக்கியது.

எனினும் வரும்படி இல்லாத தமிழ் எழுத்தாளர் ஒருவர், நான்கு வரிக்காக நீதிமன்றம் செல்லப் போவதில்லை. அவருக்குக் கிடைக்கும் ஊதியம் இரண்டே: தம் பெயர், தம் எழுத்தை நாடி வரும் வாசகர். பெயரை நீக்கினால் ஒன்று போயிற்று. பகுதி நீண்டு, வாசகர் மூலத்திற்கு வர வேண்டாத நிலை உண்டானால் மற்றொன்றும் போயிற்று. சட்டம் தொடாத இவ்விடத்தைக் காக்க வேண்டியது சால்பே.

மறுபுறத்தில் எழுதுவோர்க்கும் ஒரு பொறுப்புண்டு. தம் பதிவுகளைச் செய்தியோடை வழியாகத் திறந்து விட்டவர், திரட்டி தம் தலைப்பைக் காட்டியதற்கே சினங்கொள்ளுதல் நேரிதன்று. ஓடையில் முழுக் கட்டுரையை விடலாம். சுருக்கத்தை மட்டும் விடலாம். அச்சுருக்கத்தைத் தாமே எழுதியும் வைக்கலாம். நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்று வலியுறுத்திய மரபில் வந்தோர், தம் கட்டுரைக்கு இரண்டு வரிப் பாயிரம் எழுதுவதைச் சுமையாகக் கருதலாகாது. ஆசிரியரே எழுதிய சுருக்கம் இருக்குமிடத்தில் பொறியின் கத்திக்கு வேலை இல்லை.

திரட்டியின் கடமை

மேற்கூறியவற்றால், திரட்டி என்னும் பெயருக்குத் தகுதி பெற விழையும் தளத்தின் கடமைகள் தெளிவாகின்றன. எழுதியவர் பெயர் தலைப்பிற்கு நிகரான தெளிவுடன் தோன்றுதல் வேண்டும். மூலத்திற்குச் செல்லும் வழி பகுதியின் அருகிலேயே அமைதல் வேண்டும். ஆசிரியர் எழுதிய சுருக்கம் இருப்பின் அதுவே முதன்மை பெறல் வேண்டும். இல்லாதவிடத்துத் தொடர் முற்றுப்பெறும் இடத்திலேயே வெட்டு நிகழ்தல் வேண்டும். விலகிக்கொள்ள விரும்புவோரைக் காரணம் கேளாது விலக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் பொறியால் இயலாத செயலன்று. பொறியை ஆக்குவோர் எண்ண வேண்டியதே.

இக்கடமைகளின் அடியில் நிற்பது ஒரே கேள்வி: எடுத்த பகுதி வாசகரை மூலத்திற்கு அனுப்புகின்றதா, அல்லது மூலத்திற்குப் போகாமல் தடுத்து நிறுத்துகின்றதா? முத்தொள்ளாயிரத்தின் ஒரு பாடலைப் படிப்பவர், அந்நூல் முழுவதும் கிடைக்காதா என ஏங்குகின்றார். அந்த ஏக்கத்தை உண்டாக்குவதே நல்ல பகுதியின் இயல்பு. இணைப்பைத் தொட வேண்டா, இங்கேயே எல்லாம் உண்டு என்று மனநிறைவு அளிக்கும் பகுதி, மூலத்தின் இடத்தைக் கவர்ந்துகொண்ட பகுதியாகும். 2024 ஆம் ஆண்டு முதல் தேடுபொறிகள் பல மூலங்களைக் கலந்து தாமே விடையெழுதித் தலைப்பகுதியில் காட்டத் தொடங்கியபின், இவ்வேறுபாட்டை அறிதல் முன்னினும் இன்றியமையாததாயிற்று. அங்கே இணைப்புகள் இருப்பினும், எவர் சொல் எது என்னும் வரம்பு கரைந்துவிடுகின்றது.

வகுப்பறையில் இதற்குரிய பயிற்சி எளிது. மாணவன் ஒரு பகுதியை மேற்கோளாகக் கொண்டுவரும்போது ஆசிரியர் கேட்க வேண்டியவை மூன்று: இதைச் சொன்னவர் யார்? எங்கே சொன்னார்? இதற்கு அடுத்த வரியில் என்ன சொன்னார்? முதல் இரண்டிற்கும் விடை கூறும் மாணவனும் மூன்றாவதில் தயங்குவான். அத்தயக்கம் அவனை மூலத்திடம் அனுப்புமாயின், அவன் கற்கத் தொடங்கிவிட்டான் எனலாம்.