பாதிப் பேருக்கு மருந்து: ‘ஆரோஸ்மித்’ நாவலை முன்வைத்து

2021 மே மாதம், முதல் வாரம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் என் மாமா ஆக்சிஜனோடு படுத்திருந்தார். டாக்டர் அத்தையைக் கூப்பிட்டு, “பிளாஸ்மா ஏற்பாடு பண்ண முடியுமான்னு பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவு நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ட்விட்டரிலும் வாட்ஸப் குழுக்களிலும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டினேன். இரத்தப் பிரிவு, மருத்துவமனை, போன் நம்பர், அவசரம். அந்த மாதத்தில் நீங்களும் இப்படி ஒன்றையாவது பகிர்ந்திருப்பீர்கள். நள்ளிரவு தாண்டி ஒரு பையன் பேசினான், திருமங்கலத்துக்காரன். முன்பின் தெரியாது. விடிந்ததும் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். பத்து நாளில் மாமா வீடு திரும்பினார்.

“அந்தத் தம்பி குடுத்த ரெண்டு பைதான் ஒங்க மாமாவக் காப்பாத்துச்சு.” அத்தை இதை இன்றுவரை சொல்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பையன் வீட்டுக்குப் பலகாரம் போகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு உயிரைக் காப்பாற்றியதில் எனக்கும் பங்குண்டு என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

பிளாஸ்மா வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஏழு மாதம் முன்பே விடை வந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. குலுக்கல் முறையில் 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மா. 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர், பெறாதவர்களில் 41 பேர். சதவீதத்தில் 19, 18. அவ்வளவுதான் வித்தியாசம். 2020 அக்டோபரில் முடிவு வெளியானது. 2021 மே நடுவில்தான் பிளாஸ்மாவை அரசு சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து எடுத்தார்கள்.

இந்த எண்களை அத்தையிடம் எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று முழித்துக்கொண்டிருந்த நாட்களில் சின்க்ளேர் லூயிஸின் ‘ஆரோஸ்மித்’தை வாசித்தேன். 1925-ல் வந்த நாவல். லூயிஸ் இதற்குக் கிடைத்த புலிட்சர் பரிசை வேண்டாம் என்று மறுத்தவர். 1930-ல் இலக்கியத்துக்கான நோபலைப் பெற்ற முதல் அமெரிக்கரும் அவர்தான். பால் டி க்ரூஃப் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் பக்கத்தில் இருந்து உதவியதால், நாவலில் வரும் ஆய்வகம் கேள்விப்பட்டு எழுதியதுபோல இல்லை. சோதனைக்குழாயைக் கழுவுகிற சலிப்புகூட அதில் இருக்கிறது.

கதை இதுதான். சிற்றூரிலிருந்து வந்த மார்ட்டின் ஆரோஸ்மித் மருத்துவம் படிக்கிறான். மாக்ஸ் காட்லீப் என்ற ஆசிரியர் அவனுக்கு எதையும் சந்தேகப்படக் கற்றுத்தருகிறார். கிராமத்து டாக்டராக, நகரத்துச் சுகாதார அதிகாரியாக எல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்கிறான். அங்கே பாக்டீரியாவைத் தின்று அழிக்கும் ‘ஃபேஜ்’ அவன் கையில் சிக்குகிறது. செயின்ட் ஹூபர்ட் என்ற கற்பனையான மேற்கிந்தியத் தீவில் பிளேக் பரவும்போது ஃபேஜோடு கப்பலேறுகிறான். பாதிப் பேருக்குக் கொடுப்பது, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவது என்பது திட்டம். இரக்கப்பட்டு எல்லோருக்கும் கொடுத்தால் மருந்து வேலை செய்ததா என்று எப்போதுமே தெரியாது என்கிறார் காட்லீப். அப்படியே செய்வதென்று மார்ட்டினும் தனக்குள் சத்தியம் செய்துகொள்கிறான்.

தீவில் அந்தச் சத்தியம் நிற்கவில்லை. கூட வந்த சோண்டேலியஸ், எல்லோருக்கும் கொடுக்கும்வரை எனக்கும் ஊசி வேண்டாம் என்று மறுத்துப் பிளேக்கில் சாகிறார். மார்ட்டின் வேறு பகுதியில் இருக்கும்போது, கிருமி சிந்தியிருந்த ஒரு சிகரெட்டைத் தெரியாமல் புகைத்து மனைவி லியோரா தனியாகச் செத்துப்போகிறாள். அவன் உடைந்துபோகிறான். கேட்டவர்களுக்கெல்லாம் ஃபேஜைக் கொடுக்கிறான். ஒரே ஒரு பகுதியில் மட்டும் ஒப்பீடு தொடர்கிறது, அதையும் இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிடுகிறான். பிளேக் மெல்ல அடங்குகிறது. தீவு அவனைக் கொண்டாடுகிறது. நியூயார்க்கில் நிறுவனம் மாலை மரியாதையோடு வரவேற்கிறது.

லூயிஸ் இங்கே சரியாகப் பிடித்த ஒன்று உண்டு. மருத்துவ ஆராய்ச்சி கெட்டுப்போகும் கதை என்றால் நாம் உடனே மருந்துக் கம்பெனியின் பேராசையைத்தான் நினைப்போம். அது உண்மையும்கூட. ஆனால் இந்த நாவலில் ஆய்வைக் கெடுப்பது துக்கம். வில்லன் யாரும் கிடையாது. மார்ட்டின் செய்தது தப்பு என்று வாசிக்கிற எவனாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவன் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். செய்தேன்தானே? ஊரே அவன் மருந்துதான் காப்பாற்றியது என்கிறபோது, தன்னிடம் நிரூபணம் இல்லை என்று அவனுக்கு மட்டும் தெரிகிறது. அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது அத்தையின் பலகார டப்பாதான் கண்ணுக்குள் நின்றது.

இருந்தாலும் இந்த நாவலோடு எனக்கு மூன்று சண்டை இருக்கிறது.

முதலாவது, ஃபேஜ் வேலை செய்யும் என்று நாவல் முன்கூட்டியே பாதி நம்பிவிடுகிறது. அதனால் மருந்து கிடைக்காதவர்கள் மட்டுமே பலியாடுகளாகத் தெரிகிறார்கள். மருந்து கிடைத்தவர்கள் பலியாடுகளாக இருக்க வாய்ப்பில்லையா? அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் நடந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாளம் தப்பினால் திடீர் மரணம் வரலாம். தாளத்தைச் சரிசெய்யும் மாத்திரைகள் இருந்தன. அவை மரணத்தையும் தடுக்கும் என்று டாக்டர்கள் நம்பி எழுதிக்கொடுத்துவந்தார்கள். என்கைனைட், ஃப்ளெகைனைட் என்ற இரண்டு மாத்திரைகளைச் சோதித்தபோது, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். ஆய்வில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். துடிப்பு சீராகத்தான் இருந்தது, ஆட்கள்தான் இல்லை. இரக்கப்பட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. செத்தவர்கள் மாரடைப்பு நோயாளிகள்தானே, அதனால் போனார்கள் என்று முடித்திருப்போம். ‘பாதிப் பேருக்கு’ என்பது கல்நெஞ்சம் அல்ல, நமக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது. நாவலில் அது கல்நெஞ்சமாக மட்டுமே ஒலிக்கிறது.

இரண்டாவது சண்டை, மருந்து கிடைக்காத அந்தப் பாதிக்கு முகமே இல்லை. தீவில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆலிவர் மார்ச்சண்ட் என்ற கறுப்பின டாக்டரை லூயிஸ் மரியாதையோடு படைத்திருக்கிறார், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் வரிசையில் நின்று, உனக்கு ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி வீட்டுக்குப் போய் என்ன சொன்னாள்? அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? நாவலுக்கு மார்ட்டினின் மனசாட்சி முக்கியம். அவள் அதைச் சோதிக்கும் கருவி, அவ்வளவே.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 1948-ல் புதுமைப்பித்தனைக் காசநோய் கொண்டுபோனது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு வேலை செய்கிறது என்ற பிரிட்டிஷ் ஆய்வு வெளிவந்தது. மொத்தம் 107 பேர். மூடிய உறைக்குள் இருந்த சீட்டுதான் யாருக்கு மருந்து என்று முடிவு செய்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். போருக்குப் பிறகு பிரிட்டனில் மருந்து எல்லோருக்கும் போதாது, அதனால் சீட்டுக் குலுக்குவதே நியாயம் என்றார்கள். ஏற்கலாம். ஆனால் அந்த 52 பேரிடம் நீங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சண்டை முடிவோடு. மார்ட்டின் இரண்டாவது மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு, தூய அறிவியல் செய்ய வெர்மான்ட் காட்டுக்குள் போய்விடுகிறான். லூயிஸுக்கு அறிவியல் என்பது துறவு. ஒரு மருந்து மனிதர்களிடம் வேலை செய்கிறதா என்று காட்டுக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஊருக்குள் வர வேண்டும். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அப்படித்தான் வந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டத்தோடு மருந்து சாப்பிடுபவர்களையும், நெரிசலான வீட்டில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், மாத்திரை சாப்பிட்டார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. படுக்கை கிடைக்காத ஏழைக்கும் பிழைக்க வழியுண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது இங்கிருந்துதான். இதில் இரண்டு பாதிக்கும் மருந்து இருந்தது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே ஓர் அறம் இருக்க முடியும் என்பது லூயிஸ் யோசிக்காத இடம்.

இத்தனை சண்டைக்குப் பிறகும் ‘ஆரோஸ்மித்’தை வாசிக்கச் சொல்வேன். காமெடிக்காக எழுதிய சில பாத்திரங்கள் இழுவை, தாண்டிப் போகலாம். தீவு அத்தியாயங்களைத் தாண்ட வேண்டாம்.

போன தீபாவளிக்கு மதுரை போயிருந்தேன். மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்கு ஓடியது. பிளாஸ்மா பெறாத 229 பேரில் 188 பேருக்கு நோய் முற்றவில்லை. அவர்கள் வீட்டிலும் யாரையாவது கைகாட்டிக்கொண்டிருப்பார்கள், ஒரு வேண்டுதல், ஒரு கசாயம், ஒரு டாக்டர். அத்தை டப்பாவை என் கையில் கொடுத்து, “திருமங்கலம் போய்க் குடுத்துட்டு வந்துருடா” என்றார்.

அந்தப் பையன் வாசலில் நின்றே பேசினான். டப்பாவை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, “அண்ணே, பிளாஸ்மால ஒண்ணும் பிரயோஜனம் இல்லைன்னு அப்புறம் நியூஸ்ல போட்டாங்க. நெசமாவே மாமாவுக்கு அதுதான் கேட்டுச்சாண்ணே?” என்றான்.

“அது கேக்கலைன்னுதான் ஆராய்ச்சி சொல்லுது. மாமாவுக்கு மட்டும் எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா” என்றேன். “ஆனா நீ வந்தியே.”

“அதுக்குத்தான் பலகாரமா?” என்று சிரித்தான். ஆமாம் என்றேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.