நைரோபிச் சேரிகளில் மிஷன் பள்ளிகள்

கென்யாவில் 2003 ஜனவரியில் முவாய் கிபாக்கியின் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. அந்த ஓர் ஆண்டிலேயே ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தார்கள். தலைநகர் நைரோபியின் சேரிகளில் கதை வேறாக இருந்தது. கிபேரா, மத்தாரே, கொரோகொச்சோ, முக்குரு ஆகிய இடங்களில் அரசுப் பள்ளி என்றால் அது சேரியின் ஓரத்தில் இருக்கும், அல்லது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். உள்ளே போனால் ஒரு வகுப்பில் நூறு பேர். இந்தக் குடியிருப்புகளில் பெரும்பகுதி பட்டா இல்லாத நிலத்தில் எழுந்தவை. பட்டா இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் கட்ட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே இலவசக் கல்வி வந்த பின்னும் சேரிப் பிள்ளைகளில் பெரும்பங்கினர் தகரக் கொட்டகைகளில் நடக்கும் சிறு தனியார் பள்ளிகளிலேயே படித்தார்கள். அவற்றில் பலவற்றைத் திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் நடத்துகின்றன.

இந்தப் பள்ளிகளைப் பற்றி இரண்டு வகையான எழுத்துதான் அதிகம் கிடைக்கிறது. ஒன்று, நன்கொடை திரட்டுவோர் எழுதும் நெகிழ்ச்சியான விவரணை. மற்றது, மிஷனரி என்றாலே மதமாற்றம், காலனியம் என்று தொடங்கி அங்கேயே முடியும் கண்டனம். இரண்டிலும் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்பது தெரிவதில்லை. நான் இங்கே கேட்க நினைப்பது ஒரு கேள்வியைத்தான்: மிஷனின் உதவி சேரிப் பிள்ளைக்குத் தன் ஊரிடமும் அரசிடமும் உள்ள உரிமையை வலுப்படுத்துகிறதா, அல்லது அந்த உரிமை நினைவுக்கே வராதபடி செய்துவிடுகிறதா?

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும், அது பெரிது என்பதால். தகர அறைகளுக்கிடையே உள்ள தட்டி கூரைவரை எட்டாது. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பின் சுவாஹிலிப் பாடம் அதில் மூழ்கிவிடும். வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும், மழை பிடித்தால் ஆசிரியரின் குரலே கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் முற்பகல் இடைவேளையில் பெரிய அண்டாவிலிருந்து ‘உஜி’ ஊற்றுகிறார்கள். சோளமாவும் கேழ்வரகு மாவும் கலந்து காய்ச்சிய, சற்றே இனிக்கும் கூழ் அது. மதியத்துக்குச் சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த ‘கித்தேரி’. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள் பிள்ளைகள். பலருக்கு அன்றைய முதல் சாப்பாடு அதுதான். பள்ளிக்கு வருவதற்கான காரணமும் பல வீடுகளில் அதுவே. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் பசியோடு எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்காதவர்கள்.

சோற்றுக்கு அப்பாலும் மிஷனுக்கு ஒரு பலம் உண்டு. அது அங்கேயே தங்கிவிடுவது. திட்டக் காலம் முடிந்ததும் வளர்ச்சி நிறுவனங்களின் வண்டிகள் கிளம்பிவிடும். கொம்போனி சபையைச் சேர்ந்த இத்தாலியக் குருவானவர் அலெக்ஸ் சனோட்டெல்லி 1990களில் கொரோகொச்சோவிலேயே ஒரு குடிசையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். முக்குருவில் மெர்சி சபையின் ஐரிஷ் சகோதரி மேரி கில்லீன் 1980களில் தொடங்கிய பணி பல பத்தாண்டுகளைக் கடந்து நிற்கிறது. இப்படித் தங்கியவர்களால் செய்ய முடிந்ததை வந்து போகிறவர்களால் செய்யமுடியாது. அதற்கு நான் அறிந்த சிறந்த சான்று டண்டோரா.

நைரோபியின் கிழக்கே, கொரோகொச்சோவை ஒட்டி, டண்டோரா குப்பைமேடு இருக்கிறது. 1970களிலிருந்து நகரத்தின் குப்பை அங்கேதான் கொட்டப்படுகிறது. இடம் நிறைந்துவிட்டது என்று 2001லேயே அறிவித்தாயிற்று, லாரிகள் மட்டும் நிற்கவில்லை. பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவமனைக் கழிவு எல்லாம் சேர்ந்து எரியும் புகை தூய யோவான் கத்தோலிக்க ஆலயத்தின்மீதும் அதன் பள்ளியின்மீதும் படர்கிறது. அந்தப் பகுதியின் கத்தோலிக்க மருந்தகத்துக்கு மூச்சுத்திணறலோடு வருகிறவர்களின் கூட்டம் குறையவில்லை. மருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் மிஷன் அதோடு நின்றுவிடும். இங்கே கொரோகொச்சோ பங்கும் (பாரிஷ்), சேரிப் பங்குகளின் கூட்டமைப்பான குட்டோக்காவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோடு சேர்ந்து ஆய்வுக்கு வழிசெய்தன. 2007இல் வெளியான அந்த ஆய்வில் 328 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற, அன்று கவலைக்குரியதாகக் கருதப்பட்ட அளவை எட்டியிருந்தது அல்லது தாண்டியிருந்தது. அந்த வரம்பே தாராளம் என்று பிற்பாடு அமெரிக்கா அதை 5 ஆகவும், பிறகு 3.5 ஆகவும் குறைத்தது.

ஈயம் மூளையைத் தாக்கும். கவனம் சிதறும், நினைவு மங்கும், கணக்கு ஏறாது. அப்படியானால் இங்கே உடல்நலத்தையும் கல்வியையும் இரண்டு தனித் திட்டங்களாகப் பிரித்து அறிக்கை எழுதுவதில் பொருளே இல்லை. வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தேவை தனிப்பயிற்சியா, குப்பைமேட்டை மூடுவதா? இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கூழ் ஊற்றி ஈயத்தை வெல்லமுடியாது. மருந்தகத்தின் மருந்துச் சீட்டுகள் ஊரின் சாட்சியமாக மாறிய இடம் இது. மிஷன் பணியின் உச்சம் என்று நான் கருதுவதும் இதையே. நோயைக் கண்டவர்கள் நோய்க்குக் காரணத்தையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள்.

இதே வரிசையில் வருவது இயேசு சபை குருவானவர் ஆஞ்செலோ டி’அகஸ்டினோ 1992இல் நைரோபியில் தொடங்கிய நியும்பானி இல்லம். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் அது. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது அரசுப் பள்ளிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. இல்ல வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளியைக் கட்டிக்கொள்வது எளிது, நன்கொடையாளர்களும் உருகியிருப்பார்கள். நியும்பானி நீதிமன்றத்துக்குப் போனது. 2004 ஜனவரியில் அரசு இறங்கிவந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அன்று திறந்த கதவு அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்காக மட்டும் திறக்கவில்லை.

இனி, பெரும் பணம் வரும் ஒரு வழியைப் பார்ப்போம். ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தாற்போல மாதந்தோறும் பணம் அனுப்பும் ஸ்பான்சர் முறை. 1952இல் தொடங்கிய கம்பாஷன் இன்டர்நேஷனல் இதில் முக்கியமான ஓர் அமைப்பு. உள்ளூர்ச் சபைகள் வழியாகவே இயங்குகிறது. இது பலன் தருவதில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. புரூஸ் வைடிக்கும் அவருடைய சகாக்களும் கென்யா, உகாண்டா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 1.03 முதல் 1.46 ஆண்டுகள் கூடுதலாகப் படித்தார்கள். வளர்ந்தபின் மாதச் சம்பள வேலைக்குப் போகும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடியது. சீருடைக்கும் கட்டணத்துக்கும் மேலாக, ‘உன்னால் முடியும்’ என்று வாரந்தோறும் ஒரு பெரியவர் சொல்வதும் இதில் வேலை செய்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

ஆனால் அந்த முறையின் உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். கடிதம் எழுதும் நாள் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத ஒருவருக்கு நன்றி எழுதுவார்கள்: என் பெயர் இது, எனக்குப் பிடித்த நிறம் இது, எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது, உங்களுக்காக ஜெபிக்கிறேன். பணியாளர் அதைப் படித்துத் திருத்துவார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, எல்லாருக்கும் ஸ்பான்சர் கிடைப்பதில்லை. அக்காவுக்குக் கடிதமும் காலணியும் வரும், தம்பிக்கு வராது. உதவி ஒரு தெருவுக்கோ பள்ளிக்கோ வராமல் ஒரு முகத்துக்கு வருகிறது. முகத்துக்கு வருவதால்தான் பணமும் தொடர்கிறது என்பது நிர்வாகிகளின் பதில். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பிள்ளை கொடுக்கும் விலையைத்தான் நான் சொல்லவருகிறேன். எட்டு வயதில் தன் வறுமையை எப்படிச் சொன்னால் கேட்பவருக்கு இதமாக இருக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது.

வறுமையை ஊதிப் பெருக்குவதும் இதன் தொடர்ச்சி. கிபேராவில் பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள், ஆப்பிரிக்காவிலேயே பெரிய சேரி என்று துண்டறிக்கைகளில் எத்தனையோ ஆண்டுகள் அச்சாயிற்று. 2009ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணியது 1,70,070 பேரை. கணக்கெடுப்பில் குறைகள் இருக்கலாம், ஆறில் ஒரு பங்காகும் அளவுக்கு இருக்கமுடியாது. பெரிய எண் வெளிநாட்டில் பணம் திரட்ட உதவியிருக்கும். எத்தனை வகுப்பறை, எத்தனை கழிப்பறை வேண்டும் என்று திட்டமிட அது உதவாது.

பெற்றோரின் இடமே எனக்கு இதில் பெருங்கவலை. கட்டணம் வாங்கும் பள்ளியில் சேரித் தாய் சண்டை போடுவாள்: ஏன் ஆசிரியர் வரவில்லை, ஏன் பரீட்சைத் தாள் திருத்தவில்லை? இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் அவள் குரல் தாழ்ந்துவிடும். கொடுக்கிறவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது? கணக்கறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் அச்சாகிக் கடல்கடந்து போகிறது, முற்றத்தில் கூடும் தாய்மார்களுக்கு அது வாசித்துக் காட்டப்படுவதில்லை. கென்யாவின் வரலாறே இங்கே எச்சரிக்கை தருகிறது. 1929இல் ஸ்காட்லாந்து மிஷன் உள்ளிட்ட சபைகள், பெண் உறுப்புச் சிதைப்பை எதிர்ப்பதாகக் கைநாட்டு வைத்தால்தான் சபையிலும் மிஷன் பள்ளி வேலையிலும் இடம் என்று கிகுயு மக்களிடம் நிபந்தனை வைத்தன. நோக்கம் சரியானது, இன்று பெரும்பாலோர் அந்த வழக்கத்துக்கு வாதாடமாட்டார்கள். ஆனால் பள்ளியைப் பிணையாக வைத்து அதைக் கேட்டதால் குடும்பங்கள் கூட்டமாக வெளியேறி, தாங்களே காசு போட்டுச் சுயேச்சைப் பள்ளிகளைக் கட்டினார்கள். அவசரநிலை அறிவிக்கப்பட்ட 1952க்குப் பிறகு காலனிய அரசு அவற்றை மூடியது. ஏழைப் பெற்றோருக்குப் பள்ளி நடத்தத் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும்.

உடல்நலத்தில் திருச்சபையின் நம்பகத்தன்மை இருமுனைக் கத்தி. 2014இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் துணைநிற்க, 14 முதல் 49 வயதுப் பெண்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி போடும் இயக்கத்தை அரசு நடத்தியபோது, அதில் கருவுறாமையை உண்டாக்கும் ஹார்மோன் கலந்திருக்கிறது என்று கென்யக் கத்தோலிக்க ஆயர்கள் குற்றம்சாட்டினார்கள். அரசும் அந்த நிறுவனங்களும் அதை மறுத்தன. அடுத்த ஆண்டு போலியோ சொட்டுமருந்தையும் புறக்கணிக்கச் சொன்னார்கள். சேரியில் பங்கு மருந்தகத்தின் சகோதரி சொல்வதுதான் மருத்துவ வேதம். அவர் பல ஆண்டுகள் விழித்திருந்து சேர்த்த நம்பிக்கையை மேலே இருப்பவர்கள் ஒரே அறிக்கையில் அறிவியலுக்கு எதிராகச் செலவிட்டார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் போதவில்லை. பதின்பருவக் கர்ப்பத்தால் பள்ளியை விட்டு நிற்கும் பெண்பிள்ளைகள் நிறைந்த இடத்தில், கருத்தடை பற்றி வாய்திறக்காத மிஷன் பள்ளிகளின் மௌனமும் இதே கணக்கில்தான் சேரும்.

மிஷனும் அரசும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வழி தெரியாமலும் இல்லை. 1968ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் திருச்சபைகளைப் பள்ளிகளின் ஆதரவாளராக வைத்துக்கொண்டு பொறுப்பை அரசிடம் தந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த இடத்தை வரையறுத்திருக்கிறது. முக்குருவில் மெர்சி சகோதரிகள் நகராட்சியோடு கூட்டாகப் பள்ளிகளை நடத்தியதும் இந்த வழியில்தான். கட்டடமும் கவனிப்பும் மிஷனுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. தனியார் நன்கொடை எவ்வளவு நிலையற்றது என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் சேரிகளின் சிறு பள்ளிகள் பலவற்றில் சம்பளம் நின்றது. 2021 ஜனவரியில் முழுமையாகத் திறந்தபோது சில பள்ளிகள் இருந்த இடமே இல்லை.

இப்போது உடனடியாக ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023இல் நைரோபி மாவட்ட அரசு, பெரிய சமையற்கூடங்களில் சமைத்து 5 ஷில்லிங்குக்கு மதிய உணவு தரும் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை கையில் ஒரு பட்டை கட்டியிருக்கும், அதைத் தட்டினால் சாப்பாடு. திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. சேரிக்குள் தகரக் கொட்டகையில் படிக்கிறவர்களும் அதே நகரத்துப் பிள்ளைகள்தான். குப்பைமேட்டுக்கு எதிராக ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுபோய் வைக்கத் துணிந்த பங்குகள், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு நகர மன்றத்துக்குப் போய், எங்கள் வருகைப்பதிவேடு இது, இவர்களுக்கும் அந்தக் கைப்பட்டை வேண்டும் என்று கேட்கவேண்டும். அண்டாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பிறகு நூலகத்துக்கும் செவிலியருக்கும் திருப்பலாம்.