திருத்திய ஒளி

ஒரு நிழற்படத்தைக் காட்டி, ‘இது கணினியில் திருத்தப்பட்டது’ என்று ஒருவர் சொன்னால், அவர் குற்றம் சாட்டுகிறார் என்றே நாம் பொருள் கொள்கிறோம். கேமரா கண்டதைக் கண்டவாறே பதிவது. அதன்மேல் மனிதன் கைபட்டால் உண்மை கெட்டது என்பது பலருடைய எண்ணம். நிழற்படக் கலையின் வரலாற்றை அறிந்தோர் இதனை ஏற்கமாட்டார்கள். ஆயினும், இதற்கு மறுமொழியாகப் படக்கலைஞர் சிலர், ‘அது எங்கள் படைப்பு நோக்கு’ என்ற ஒரே சொல்லால் எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிடுவது நமக்கு உடன்பாடன்று. புகழ்பெற்ற மூன்று படங்களை முன்வைத்து இதைச் சற்றே ஆராய்வோம்.

முதலாவது, அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படம். எடுத்த நாளை அவரே மறந்துபோனார். பின்னாளில் வானியல் அறிந்தோர் படத்திலுள்ள நிலவின் நிலையைக் கணக்கிட்டு, 1941ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் என்று முடிவு கண்டார்கள். பனிமலைகளுக்கு மேலே நிலா. கீழே சிறிய தேவாலயம். அருகே கல்லறைச் சிலுவைகளின்மேல் சாயும் வெயிலின் கடைசி வெளிச்சம். அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்ததால், அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்க ஆயத்தமாவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது.

அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து அவர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அச்சிட்டார். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தில் தோய்த்து அடர்த்தியாக்கினார். இருட்டறையில், ஓரிடத்துக்கு ஒளியை மறைத்தும் ஓரிடத்துக்குக் கூடுதலாகப் பாய்ச்சியும் ஆண்டுக்காண்டு படத்தை மாற்றிக்கொண்டே வந்தார். தொடக்கப் பிரதிகளில் வானம் வெளிறி, மெல்லிய மேகக் கீற்றுகளோடு தெரியும். பிற்காலப் பிரதிகளிலோ அது மையிருட்டு. இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட பிரதியை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். பொருத்தமான உவமை என்றே சொல்லவேண்டும்.

சிலுவைகளில் வெயில் பட்டிருக்கும்போது வானம் அவ்வளவு கருத்திருக்க முடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எனினும் அப்பிற்காலப் பிரதிகளையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். அந்தக் கருமைக்குக் கீழே ஊரும் கல்லறைகளும் சிறுத்து, உயிருள்ளோரும் இறந்தோரும் ஒரே மெல்லிய வெளிச்சத்தைப் பகிர்ந்துகொள்வது போல் தோன்றுகிறது. வெளிறிய வானம் கொண்ட பிரதியில் அழகிய ஊர் ஒன்று இருக்கிறது, அவ்வளவே.

இருட்டறையின் வேலை பின்னர் கணினிக்குச் சென்றது. தந்தையின் வீட்டு இருட்டறையில் பழகிய தாமஸ் நோல், தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து உருவாக்கிய போட்டோஷாப், 1990இல் விற்பனைக்கு வந்தது. வெளிறச் செய்வதற்கும் கருக்குவதற்கும் அதிலுள்ள கருவிகள் இன்றும் இருட்டறைப் பெயர்களையே தாங்கியிருக்கின்றன. 1994இல் அடுக்கின்மேல் அடுக்காகப் படத்தை அமைக்கும் வசதி சேர்ந்தது. முன்பு ஒரு நாள் முழுதும் கையும் கண்ணும் நோக முயன்றும் கிட்டாத நுணுக்கம், இப்போது அமர்ந்த இடத்திலேயே கிட்டுகிறது. (நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பை மறைத்தார்கள், அவர்களுடைய வாரிசுகள் இன்று மணப்பெண்ணின் மாநிறத்தையே துடைத்து எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணை அவள் பேரப்பிள்ளைகள் எதைக்கொண்டு அடையாளம் காண்பார்களோ!)

இரண்டாவது படம், ஜெர்மானியர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கி 1999இல் ஆக்கிய ‘ரைன் 2’. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமுள்ள இப்படத்தில் பச்சைப் புல்லும் சாம்பல் நிற ஆறும் மேகம் மூடிய வானமும் நேர்கோட்டுப் பட்டைகளாக நீள்கின்றன. கரையில் நின்ற மின்நிலையமும், நாயோடு நடந்து சென்றோரும் கணினியில் அகற்றப்பட்டனர். 2011இல் நியூயார்க் ஏலத்தில் இது 43 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. விலையைப் பற்றி நமக்கு ஒன்றுமில்லை. அகற்றியதை அவர் மறைக்கவில்லை. தாம் தேடிய ஆறு அவ்விடத்தில் நின்று பார்த்தால் கிட்டாது என்று வெளிப்படையாகவே கூறினார். ஆகவே பொய் என்ற குற்றச்சாட்டு எழவில்லை. நம் குறை வேறு. ஆடம்ஸ் இருட்டியதனால் அவர் படத்தில் மனிதரின் இருப்பு கூடியது. குர்ஸ்கி துடைத்ததனால் குறைந்தது. தொழிற்சாலைகள் மலிந்த ஆற்றங்கரை ஒன்றிலிருந்து அவற்றின் சுவட்டை நீக்கிவிட்ட பின், எஞ்சுவது ஒழுங்கான கோடுகளே.

மூன்றாவது படத்தைப் பற்றிப் பேச மனம் தயங்குகிறது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், காஸா நகரத்தின் குறுகிய சந்து ஒன்றில் ஸ்வீடன் நாட்டுச் செய்திப் படக்கலைஞர் பால் ஹான்சன் எடுத்தது. இஸ்ரேலிய ஏவுகணைத் தாக்குதலில் வீடு இடிந்து மாண்ட இரு சிறு சகோதரர்களை, கபனிட்டு, சிறிய தந்தையர் கைகளில் ஏந்திப் பள்ளிவாசலுக்குக் கொண்டு செல்கின்றனர். 2013இல் இப்படம் உலகச் செய்திப்பட அமைப்பின் முதற்பரிசைப் பெற்றது. அவ்வாண்டு மே மாதம், பல படங்களை ஒட்டிச் செய்த போலி இது என்ற புகார் கிளம்பியது. பரிசளித்தோர் கேமராவின் மூலக் கோப்பைப் பெற்று, வல்லுநர்களிடம் ஒப்படைத்து ஆராய்ந்தனர். நிறத்திலும் ஒளியிலும் திருத்தம் உண்டு; ஒட்டு இல்லை என்பது முடிவு. சந்தின் ஒளி ஏற்றத்தாழ்வாக இருந்தமையால், ஒரே மூலக் கோப்பை வெவ்வேறு ஒளியடர்த்தியில் உருவாக்கிச் சமன்செய்ததாக ஹான்சன் விளக்கினார்.

ஆக, படம் பொய்யன்று. இவ்வளவோடு வழக்கு முடிந்தது என்று பலர் எழுதினர். நமக்கு முடியவில்லை. ஆடம்ஸுடைய வானம் கருத்ததால் எவருக்கும் இழப்பில்லை. இங்கோ, படம் சாட்சியம். ‘இது புனைவோ’ என்ற ஐயம் எழுவதற்கு அத்திருத்திய ஒளியே இடம் கொடுத்தது. மெருகேறிய முகங்களைத் திரைப்படக் காட்சிக்கு ஒப்பிட்டவர்கள் அனைவரும் பகைமை கொண்டோர் அல்லர். இரு பாலகர்களின் மரணத்தைப் பேசவேண்டிய வாரங்களில், உலகம் ஒரு கணினிக் கோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மறுக்க நினைப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சந்து இருண்டிருந்தால் இருண்டபடியே விட்டிருக்கலாம். அந்தச் சிறிய தந்தையரின் முகத்துக்கு வெளியிலிருந்து ஒளி தேவைப்படவில்லை. படத்தின் பின்புறத்தில், அப்பிள்ளைகளின் தந்தையுடைய ஜனாஸாவும் தூக்கிவரப்படுகிறது. ஒளியேற்றிய முன்வரிசையிலேயே பார்வை நின்றுவிடுவதால், அதைக் காணப் படத்தை மறுமுறை பார்க்கவேண்டியிருக்கிறது.