ஹார்ஸ்பர்க் விளக்கும் ஜோகூரின் மௌனமும்

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் 137 மீட்டர் நீளமுள்ள ஒரு கருங்கல் பாறை இருக்கிறது. போர்த்துக்கீசியர் அதை பெட்ரா பிராங்கா என்றார்கள். மலாய்க்காரர்களுக்கு அது பத்து பூத்தே. அதன் மேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 அக்டோபர் 15 அன்று முதன்முதலாக ஒளிர்ந்தது. பாறை சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல், மலேசியாவின் ஜோகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல். ஆனாலும் 2008 மே 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில் அது சிங்கப்பூருக்கே உரியது என்றது. முடிவு சரிதான். ஆனால் தீர்ப்பின் பாரம் எந்தச் சான்றின் மேல் விழுந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு உண்டு.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட வல்லுநர். 1836இல் அவர் இறந்ததும் கான்டன் வணிகர்கள் அவர் நினைவாக விளக்கம் அமைக்கப் பணம் திரட்டினார்கள். கட்டியவர் அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். கல் புலாவ் உபின் தீவிலிருந்து வந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாறையில் வேலை நடக்காது. 1850இல் தொடங்கிய பணியை நிறுத்தி, மறு ஆண்டு கடல் அடங்கிய பிறகே தொடர்ந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதால் பாறையே சொந்தமாகிவிடுமா? ஆகாது. 1844இல் பாறை ஜோகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றமே ஏற்றது. மலாக்கா நீரிணையிலுள்ள புலாவ் பிசாங் தீவின் விளக்கத்தையும் சிங்கப்பூர்தான் இயக்குகிறது. அந்தத் தீவோ மலேசியாவுடையது. 1968இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா. ஹார்ஸ்பர்க்கில் பறந்த கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கில் என்னை அதிகம் அசைத்த சான்று இதுதான். ஒரே காலம், ஒரே தரப்பு. ஓரிடத்தில் எதிர்ப்பு, இன்னோரிடத்தில் மௌனம்.

நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது வேறொன்றை. 1953இல் சிங்கப்பூர் நிர்வாகம் பாறையின் நிலையைக் கேட்டு எழுத, ஜோகூரின் பொறுப்பு மாநிலச் செயலர் செப்டம்பர் 21 அன்று, ஜோகூர் அதற்கு உடைமை கோரவில்லை என்று பதில் அனுப்பினார். ஓர் அதிகாரியின் சிறிய கடிதம் சுல்தானின் ஆட்சியுரிமையைக் கைமாற்றிவிடுமா? மாற்றுக்கருத்து எழுதிய நீதிபதிகள் சிம்மாவும் ஆப்ரகாமும் இந்த இடத்தில் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடிதம் மட்டுமே சான்றாக இருந்திருந்தால் நானும் அந்த நால்வர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆனால் பின்னால் நடந்தவை கடிதத்துக்கு உயிர் கொடுத்தன. 1962 முதல் 1975 வரை மலாயாவும் பிறகு மலேசியாவும் வெளியிட்ட அரசு வரைபடங்களில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது. 1977இல் சிங்கப்பூர் அங்கே ராணுவத் தகவல்தொடர்புக் கருவி நிறுவியது. 1978இல் நில அளவைக்கு வந்த மலேசிய அலுவலர்களிடம், முன்அனுமதி இல்லாமல் இங்கே இருக்கக் கூடாது என்று விளக்கப் பணியாளர் சொன்னதும் அவர்கள் திரும்பிப் போனார்கள். கோலாலம்பூர் அதற்குக் கண்டனம் தெரிவிக்கவில்லை. விளக்கேற்றும் வேலைக்கு ராணுவக் கருவியும் வேண்டாம், வருகிறவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் வேண்டாம். அவை ஆள்பவரின் செயல்கள். தீர்ப்பு முழுப் பாரத்தையும் இவற்றின் மேல் வைத்திருந்தால் அசைக்க முடியாததாகியிருக்கும்.

0.6 கடல் மைல் தள்ளியுள்ள மிடில் ராக்ஸ் பாறைகளை அதே நீதிமன்றம் மலேசியாவுக்குக் கொடுத்தது. அங்கே சிங்கப்பூரின் செயல்கள் இல்லை; பழைய உரிமை அப்படியே நின்றது. அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நடுநிலையில் எனக்குச் சந்தேகமில்லை. 2017இல் மறுஆய்வு கேட்ட மலேசியா மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது.

ஹேக்கில் சிங்கப்பூருக்காக வாதிட்டவர்களில் அன்றைய துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமாரும் ஒருவர், தமிழ் வம்சாவளியினர். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறவருக்குக் கச்சத்தீவு நினைவுக்கு வராமல் இராது. அங்கே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களை மட்டும் நம்பி வாதிடுபவர்கள் பெட்ரா பிராங்கா தீர்ப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். சுல்தானின் பழைய உரிமையை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகுதான், அதற்குப் பின் வந்த அரசுகள் என்ன செய்தன, எதைக் கேட்காமல் விட்டன என்று நீதிபதிகள் பார்த்தார்கள். கச்சத்தீவில் அந்தக் கேள்விக்கு டெல்லிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.