செஜெம்: கேட்டலா, கீழ்ப்படிதலா?

பண்டைய எகிப்திய மொழியில் ‘செஜெம்’ என்றால் கேள். ‘செஜெம்-எஃப்’ அவன் கேட்கிறான். ‘செஜெம்-என்-எஃப்’ அவன் கேட்டான். உயிரொலிகளை எழுதமாட்டார்கள், ஹறக்கத் இல்லாத அறபு மாதிரித்தான். அதனால் ‘செஜெம்-எஃப்’ என்ற அதே எழுத்து ‘அவன் கேட்கட்டும்’ என்றும் நிற்கும். இடம்பார்த்தே பிரிக்க வேண்டும்.

ப்தாஹோதெப்பின் அறிவுரை நூலின் முடிவுரை முழுக்க இவ்வினையைச் சுற்றியே ஓடுகிறது. கேட்கிற மகன்தான் அங்கே பணிகிற மகன். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் கேட்டல், இன்னோரிடத்தில் கீழ்ப்படிதல் என்று மாற்றிப் போட்டால் அந்தச் சொல்லாட்டம் செத்துப்போகிறது. நம்ம வீடுகளில் “சொல்லுக் கேக்காத புள்ள” என்கிறோமே, அந்தக் ‘கேள்’ இரண்டையும் தாங்கும். வினவுதல் என்ற பொருளும் கூடவே நுழையும்தான். எகிப்தியத்தில் அதற்கு வேறு வினை உண்டு. இருந்தாலும், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் ‘கீழ்ப்படி’ என்று எழுதினால் பாதி போச்சு.