பாட்டுக்கு உடையவர் யார்?
மீள்பாடல் உரிமம் பற்றி ஒரு விமர்சனம்

பாட்டு மக்களின் சொத்து என்பது முற்போக்காளர் பலரும் அடிக்கடி எடுத்தாளும் வாசகம். அண்மையில் எம்மிடம் பயின்று வெளியேறிய மாணவர் ஒருவர் அவ்வாசகத்தையே எமக்கு எதிராகத் திருப்பிவிட்டார். கிற்றார் வாசித்துப் பாடும் ஆற்றல் வாய்ந்த அவ்விளைஞர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல்கள் சிலவற்றைத் தம் நண்பர்களோடு பாடிப் பதிவு செய்து, இறுவட்டாகவும் இணைய விற்பனைத் தளங்கள் வாயிலாகவும் வெளியிட விரும்பினார். "பாடலை இயற்றியோரிடம் அனுமதி பெற்றீரா?" என்று வினவினோம். "பாட்டு மக்களின் சொத்து என்று நீங்கள்தானே சேர் படிப்பித்தீர்கள்? மக்களின் சொத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?" என்றார் அவர்.

அன்று நாம் விடை கூறவில்லை. உடனே கூற இயலவில்லை என்பதே உண்மை. வாசகத்தை மேடையில் முழங்குவது எளிது. ஒரு குறிப்பிட்ட பாடலையும் அதனைப் பாட விழையும் ஒரு மனிதனையும் முன்னிறுத்தி அதனைச் சோதித்துப் பார்ப்பது அத்துணை எளிதன்று. இக்கட்டுரை அச்சோதனையில் இறங்கும் முயற்சியாகும்.

இசைத்தட்டு ஒன்றிலே இரு வேறு உடைமைகள் உறைகின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அதனை ஒருவர் பாடிய ஒலிப்பதிவு மற்றொன்று. முன்னது இயற்றியவரிடமோ, அவரிடமிருந்து உரிமையை வாங்கிய இசை வெளியீட்டு நிறுவனத்திடமோ இருக்கும். பின்னது பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பனியின் கையில் இருக்கும். இசைத் தொழிலில் 'கவர்' என வழங்கும் மீள்பாடல் முன்னதை மட்டுமே எடுத்தாள்கிறது. பழைய ஒலிப்பதிவில் ஒரு நொடியைக்கூட அது கடன் வாங்குவதில்லை. புதிய குரலும் புதிய விரல்களும் அப்பாட்டை மறுபடியும் உருவாக்குகின்றன. ஆகவே மீள்பாடகர் தேட வேண்டியது ஆக்கத்தின் உரிமத்தையே. பிரதிகள் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படுமாயின் அங்கு செல்லுபடியாவது அந்நாட்டுச் சட்டம். எம் மாணவர் தேர்ந்த பாடல்களும் அந்நாட்டினவே. ஆதலால் அந்நாட்டின் ஏற்பாட்டையே முதலில் ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க வீடுகளில் தானாக இசைக்கும் பியானோக்கள் பெருகியிருந்தன. துளையிட்ட காகிதச் சுருளைப் பூட்டினால் இசைப்பார் இன்றியே பாட்டு ஒலிக்கும். சுருள் செய்து விற்றோர் இலாபம் ஈட்டினர். மெட்டமைத்தோருக்கு எதுவும் கிட்டவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. மனிதக் கண் வாசித்தறிய முடியாத சுருள், இசையின் 'பிரதி' ஆகாது என்று 1908இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் சபை புதிய சட்டம் இயற்றி, பொறிகளின் மூலம் இசையைப் பெருக்கும் உரிமையையும் ஆக்கியோனுக்கு வழங்கிற்று. இன்றும் இவ்வுரிமம் 'மெக்கானிக்கல்', அதாவது பொறிமுறை உரிமம் எனப்படுவதன் காரணம் இதுவே.

ஆனால் இதற்கிடையில் ஏயோலியன் என்னும் பெருங்கம்பனி, இத்தகைய உரிமை வரப்போகின்றது என்பதை முன்னுணர்ந்து, இசை வெளியீட்டாளர் பலரோடு தனியுரிமை ஒப்பந்தங்கள் செய்து வைத்திருந்தது. உரிமையை நிபந்தனையின்றி வழங்கினால் நாட்டின் இசை முழுவதும் ஒரு கம்பனியின் பெட்டிக்குள் அடைபடும் என்ற அச்சம் எழுந்தது. அவ்வச்சத்தின் விளைவே கட்டாய உரிமம். உரிமையாளர் ஒருமுறை தம் பாடலைப் பதிவு செய்ய இசைந்துவிட்டால், பின்னர் எவரும் பிரதி ஒன்றுக்கு 2 சதம் செலுத்தி அதனைத் தாமும் பதிவு செய்யலாம் என 1909ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இவ்விதியின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தனியுடைமையின் கோட்டையாகிய நாடொன்றிலே, 'தரமாட்டேன்' என்று உடையவன் சொல்ல முடியாத உடைமையாகப் பாட்டு ஆயிற்று. பெருங்கம்பனியின் பாடகருக்கும் தெருவோரப் பாடகருக்கும் விலை ஒன்றே, வாயிலும் ஒன்றே. மக்கள்மீது கொண்ட அன்பினாலன்றி, ஏகபோகத்துக்கு அஞ்சிய போட்டி முதலாளித்துவத்தின் தேவையினாலேயே இவ்வாயில் திறக்கப்பட்டது என்பது உண்மை. எனினும் திறந்த வாயில் வாயில்தான்.

இன்று அவ்வாயிலுட் புகும் வழி யாது? பாடல் முன்னரே உரிமையாளரின் இசைவோடு பதிவாகி மக்களிடையே வெளிவந்திருத்தல் வேண்டும். மீள்பாடகர் தம் கருத்தை உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும்; பதிவு செய்ததிலிருந்து 30 நாட்களுக்குள்ளும், பிரதிகளை வெளியிடுமுன்னரும் அவ்வறிவித்தல் சேர்ந்திருத்தல் வேண்டும். தம் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றலாம். ஆயின் அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்றலாகாது. பாடலைத் தமிழாக்கிப் பாட விரும்பினால் கட்டாய உரிமம் போதாது. உரிமையாளரின் இசைவை வேறாகப் பெறவேண்டும். படக்காட்சியோடு இணைத்து வெளியிடுவதற்கும் அவ்வாறே. அங்கு உரிமையாளர் மறுக்கலாம், விரும்பிய விலையும் கேட்கலாம்.

கட்டணமோ பெரிதன்று. 2023இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாடலின் பிரதி ஒன்றுக்கு 12 சதம் என வகுக்கப்பட்டு, அதன் பின்னர் வாழ்க்கைச் செலவுக்கேற்ப ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. 2023ஆம் ஆண்டு விகிதப்படி 500 இறுவட்டுகளுக்கு ஒரு பாடலுக்கான தொகை 60 டொலர். ஆயின் சட்டத்தின் எழுத்தைப் பின்பற்றுவோர் மாதந்தோறும் சத்தியக் கூற்றோடு கணக்குக் காட்டவும், ஆண்டுக் கணக்கைத் தகுதிபெற்ற கணக்காளரைக் கொண்டு உறுதிப்படுத்தவும் வேண்டும். ஐந்நூறு தட்டு விற்கும் பாடகர் கணக்காளரை எங்ஙனம் அமர்த்துவார்? ஆகவே சுயாதீனக் கலைஞர் பெரும்பாலும் இடைநிலை முகவரகங்களையே நாடுகின்றனர். 1927இல் நிறுவப்பெற்ற ஹரி பொக்ஸ் முகவரகம் அவற்றுள் பழையது. சிறு தொகைப் பிரதிகளுக்கு முன்பணமும் சேவைக் கட்டணமும் பெற்று உரிமம் வழங்குகிறது. 'ஸ்ட்ரீமிங்' சேவைகளின் நிலை வேறு. 2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2021 ஜனவரி முதலாக அச்சேவைகளே ஒரு பொது உரிமம் பெற்று, அதற்கென அமைந்த கூட்டு நிறுவனத்தின் வழியே ஆக்கியோருக்குப் பணம் செலுத்துகின்றன. அமெரிக்காவில் ஒலிப்பதற்கு மீள்பாடகர் தனியே உரிமம் பெற வேண்டியதில்லை.

இவ்வளவும் ஏற்பாட்டின் புறத்தோற்றம். இனி அதன் உள்ளே நோக்குவோம்.

1909இல் விதித்த 2 சதம் 1977 முடியும்வரை 2 சதமாகவே இருந்தது. இரு உலகப் போர்கள் நடந்தன. பொருள்களின் விலை பன்மடங்கு ஏறியது. பாடலாக்குவோனின் கூலி மட்டும் அசையவில்லை. 1978இலேதான் அது 2.75 சதமாயிற்று. பின்னரும் 2006 முதல் 2022 வரை 9.1 சதத்தில் உறைந்து கிடந்தது. தொழிலாளரின் கூலி அறுபத்தெட்டு ஆண்டுகள் உயராதிருந்தால் நாம் அதனை என்னவென்று அழைப்போம்? பாட்டெழுதுபவனும் உழைப்பாளிதான் என்பதை ஏற்போமாயின், இதற்கும் அப்பெயரையே இடுதல் வேண்டும். 'பாட்டு மக்களின் சொத்து, பணம் எதற்கு?' எனக் கேட்கும் இளைஞர், தம்மை அறியாமலே அக்கூலியை 2 சதத்திலிருந்து சூனியத்துக்கு இறக்குகின்றார்.

ஆயின் செலுத்தும் பணம் உழைத்தவனைச் சேருகின்றதா? இங்கேதான் எம் மாணவர் விரும்பிய புளூஸ் பாடல்களின் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த ஆதர் குரூடப் என்னும் கறுப்பினப் பாடகர் 'தட்ஸ் ஓல் ரைட்' என்ற பாடலை 1946இல் பதிவு செய்தார். 1954 ஜூலையில், மெம்பிஸ் நகரத்துச் சிறு பதிவுகூடம் ஒன்றில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது வெள்ளை இளைஞர் அதனை மீளப் பாடினார். குரூடப்பின் பதிவில் முரசு உண்டு. பிரெஸ்லியின் பதிவில் இல்லை. இரு கிற்றார்களும் ஒரு பேஸ் வாத்தியமும் மாத்திரம் துணைநிற்க, பாட்டு விரைந்து துள்ளியோடுகிறது. முன்னையதில் துயரைத் தோளுதறி விடும் முதிர்ச்சி கேட்கிறது. பின்னையதில் வீட்டைவிட்டுப் புறப்படும் இளமையின் உற்சாகம் கேட்கிறது. ஒரே பாட்டு இருவேறு மனிதரின் வாழ்க்கையைப் பேசுகின்றது. மீள்பாடல் வெறும் நகல் என்போர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும்.

அம்மீள்பாடல் புதிய இசையுகம் ஒன்றின் வாயிலாயிற்று. குரூடப்புக்குக் கிடைத்தது யாது? அவருடைய பாடல்களின் வருமானம் முகாமையாளர் லெஸ்டர் மெல்ரோஸின் கைகளுக்கூடாகச் சென்றது. பாடகருக்கு எட்டியது சொற்பம். அவர் பண்ணைக் கூலியாகவே உழைத்தார். முதுமையில் நிலுவையைப் பெற எடுத்த முயற்சியும் கைகூடவில்லை, 1974இல் மறைந்தார். சட்டம் மீறப்பட்டதால் நேர்ந்ததன்று இது. பாடல் எவர் பெயரில் உள்ளதோ அவருக்குப் பணம் செல்லும் என்பதே விதி. பாட்டை இயற்றியவரிடமிருந்து அதனைப் பெயர்த்தெடுத்த ஒப்பந்தத்தின் நியாயத்தைப் பற்றிக் கட்டாய உரிமம் வினவுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பாடலின் சில அடிகள் குரூடப்புக்கு முன்னரே புளூஸ் பாடகரிடையே வழங்கியவை. பிளைண்ட் லெமன் ஜெபர்சன் 1926இல் செய்த பதிவிலும் அவற்றைக் கேட்கலாம். பருத்தி வயலிலும் இரயில் நிலையத்திலும் வாய்க்கு வாய் வளர்ந்த பொதுச் செல்வத்திலிருந்தே குரூடப்பும் எடுத்தார். எனவே பாட்டு மக்களின் சொத்து என்ற வாசகம் பொய்யன்று. மக்களிடையே பிறந்தது ஒருவர் பெயருக்கு மாறி, அவர் கையிலிருந்து கம்பனியின் கைக்குப் போகிறது. இந்த வழிப்பறியே நம் கவனத்துக்குரியது.

பாடுபவரின் உழைப்புப் பற்றியோ சட்டம் முற்றாகவே மௌனம் சாதிக்கின்றது. லைபர், ஸ்ரோலர் என்னும் இரு இளைஞர் இயற்றிய 'ஹவுண்ட் டோக்' பாடலை 1952இல் முதன்முதற் பதிவு செய்தவர் பிக் மாமா தோண்டன் என்னும் கறுப்பினப் பெண். அதற்கு உயிரூட்டியது அவரது குரல். 1956இல் பிரெஸ்லி அதனை மீளப் பாட, தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. மீள்பாடலின் உரிமைத்தொகை இயற்றியோரின் பக்கத்துக்கே உரியது. முதலிற் பாடியவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. தம் பதிவுக்காகத் தாம் பெற்றது 500 டொலர் மாத்திரமே என்று தோண்டன் பின்னாளிற் கூறினார்.

நம் இளைஞரிற் பலர் பாட விழைவது தென்னிந்தியத் திரைப்பாடல்களையே. ஆதலின் இந்தியாவின் ஏற்பாட்டையும் ஒப்பு நோக்குதல் தகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முதற் பதிவு வெளிவந்தபின் அறிவித்தலும் கட்டணமும் கொடுத்து மீள்பதிவு செய்ய இடமளித்தது. 1980களில் டி-சீரிஸ் நிறுவனம் இவ்விதியைத் துணைக்கொண்டு, பழைய இந்தித் திரைப்பாடல்களைப் புதிய குரல்களிற் பாடுவித்து மலிவான ஒலிநாடாக்களாக விற்றது. பழைய கிராமபோன் கம்பனியின் ஆதிக்கத்தை உலுக்கிய அச்சிறு நிறுவனம் பின்னர் தானே பூதாகரமாக வளர்ந்தது. 2012இல் அவ்விதி நீக்கப்பட்டு 31சி பிரிவு புகுத்தப்பட்டது. அதன்படி ஐந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையை முற்பணமாகச் செலுத்துதல் வேண்டும். ஐந்நூறு பிரதி வெளியிடும் கலைஞர் ஐம்பதினாயிரத்துக்கு விலை கொடுப்பது எங்ஙனம்? ஆக்கியோனின் நலம் காக்கவென எழுந்த விதி, சிறியவனை வெளியே நிறுத்திப் பெரியவனை மாத்திரம் உள்ளே விடுகின்றது. அமெரிக்கச் சட்டத்தில் கணக்கேடு சுவராக நிற்கிறது. இந்தியச் சட்டத்திலோ பணமே சுவராக நிற்கிறது.

ஆகவே நாம் வேண்டுவது யாது? எவரும் எப்பாட்டையும் மீளப் பாடும் வாயில் அடைபடலாகாது. கட்டணம் விற்கும் பிரதிகளின் அளவுக்கே அமைதல் வேண்டும். கணக்குமுறை சிறு கலைஞரின் சக்திக்கு உட்பட்டதாதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, ஆக்கியோனின் உரிமை ஒரு கையொப்பத்தால் என்றென்றைக்கும் பறிபோகும் நிலை ஒழிதல் வேண்டும். 1978 தொடக்கம் செய்யப்பட்ட உரிமை மாற்றங்களை 35 ஆண்டுகளின் பின் ஆக்கியோர் மீளப் பெறுவதற்கு அமெரிக்கச் சட்டமே இன்று ஒரு வழி வைத்திருக்கின்றது. அவ்வழி எங்கும் பரவுதல் வேண்டும். அதன் காலமும் குறுகுதல் வேண்டும். முதலிற் பாடிய கலைஞருக்கும் ஒரு பங்கு வகுத்தல் நீதியேயாகும்.

இவற்றையெல்லாம் எம் மாணவரிடம் எடுத்துரைத்தோம். உரிமம் பெறுக, கட்டணம் செலுத்துக, இறுவட்டின் உறையில் இயற்றியவர் பெயரோடு முதலிற் பாடியவர் பெயரையும் தவறாது அச்சிடுக என்றோம். அவர் சிறிது நேரம் கணக்குப் பார்த்தார். "அறுபது டொலரைச் சேர்த்துவிடலாம் சேர். ஆனால் அந்தக் காசு இப்போது யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

முதல் நாள் அவர் கேட்டது உடைமையை மறுக்கும் கேள்வி. இதுவோ உடையவன் யார் என ஆராயும் கேள்வி. நம் வகுப்பறைகளிலும் இசையரங்குகளிலும் இனி எழவேண்டியது இக்கேள்வியே.