மாடியில் ஒரு நீலம்

காரைக்கால் பக்கம் மொட்டை மாடிகளில் இருக்கும் பழைய சோலார் பலகை ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த நீலம் சாயம் அல்ல. பலகையில் இருக்கும் சிலிக்கானின் சொந்த நிறம் மங்கிய சாம்பல். சிலேன் வாயுவையும் அம்மோனியாவையும் பிளாஸ்மாவில் வினைபுரியவிட்டு, அதன்மேல் சிலிக்கான் நைட்ரைடைப் படியவைக்கிறார்கள். கனம் சுமார் 75 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்துக்கு மஞ்சளும் சிவப்பும் உள்ளே போய்விடும், நீலம் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். பலகை வேண்டாமென்று விட்டதைத்தான் நாம் அழகு என்கிறோம்! அதோடு, அம்மோனியாவும் சிலேனும் விட்டுப்போன ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, சிலிக்கானில் துணையின்றி நிற்கும் பிணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் அங்கே சிக்கி வீணாவது குறைகிறது.

புதிய பலகைகள் ஏறக்குறையக் கறுப்பு. வெற்றுச் சிலிக்கான் தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒற்றைப் படிகச் சிலிக்கான் தகட்டைச் சூடான காரக் கரைசலில் முக்கினால், காரம் எல்லாப் பக்கமும் அரிக்கும். ஒரு வகை முகத்தில் மட்டும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் எஞ்சுவது சில மைக்ரோமீட்டர் உயரப் பிரமிடுகள், நெருக்கியடித்து. உளியும் இல்லை, அச்சும் இல்லை. ஒரு சரிவில் தப்பிய ஒளி அடுத்த சரிவில் மாட்டிக்கொள்ளும். கறுப்பு அதனால்தான்.

எனக்குப் பிடித்தது பலகையின் முகத்தில் ஓடும் வெள்ளிக் கோடுகள்தான். வெள்ளிப் பசையில் கண்ணாடித் தூள் கலந்திருக்கும். 800 டிகிரி அளவில் சில நொடிகள் உலையில் போகும்போது அது உருகி, நைட்ரைடைத் துளைத்து, வெள்ளியைச் சிலிக்கானோடு சேர்த்துவைக்கிறது. குறைவாக அரித்தால் மின்சாரம் வராது. ஆழமாக அரித்தால் செல்லே கெட்டுவிடும்.

வெள்ளிக்கு இது பழைய வேலை. 1839-ல், காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது, 19 வயது எட்மண்ட் பெக்கரல் ஒளியிலிருந்து மின்சாரம் கண்டது அமிலத்தில் வைத்த சில்வர் குளோரைடில். பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் செல் வெளிவந்தது 1954 ஏப்ரலில். அதில் போரானை ஊடுருவவிட்ட கால்வின் ஃபுல்லர் ஒரு வேதியியலாளர். அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விடைபெற்றது.

கடலோரத்தில் ஒரு சங்கடம் உண்டு. செல்லை மூடிய பிளாஸ்டிக், ஈரத்திலும் வெயிலிலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். வினிகரில் இருப்பதும் அதுதான். அது போய் அரிப்பது அந்த வெள்ளிக் கோடுகளையே. வெளியே உப்புக்காற்று சட்டத்தையும் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள், ஐஇசி 61701 என்ற உப்புப்பனிச் சோதனையில் தேறிய பலகைதானா என்று கடையில் கேட்டுவிடுவது நல்லது.